கடைசி இரண்டு விடையில் தவறானதையே எடுக்கிறீர்களா?

எல்சாட் (அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) அனுமானக் கேள்விகளில், அதாவது பத்தியை வைத்து எது கட்டாயம் உண்மை என்று கேட்பவற்றில், மூன்று விடைகளைச் சுலபமாகத் தள்ளிவிட்டு, மிச்சம் இரண்டில் தவறானதையே எடுக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ரொம்ப நாள் இதே கூத்துதான். எது பொருத்தமாகப் படுகிறது என்று பார்க்காதீர்கள். பத்தி முழுக்க உண்மை என்று வைத்துக்கொண்டு, இந்த விடை பொய்யாக இருக்க ஏதாவது வழியுண்டா என்று தேடுங்கள், கிடைத்தால் அடித்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு பத்தி: "நூலக உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மாணவர்கள், உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மாலையில் மட்டுமே வருகிறார்கள்." உடனே 'மாணவர்களில் பெரும்பாலோர் மாலையில்தான் வருகிறார்கள்' என்ற விடை கண்ணை இழுக்கும். எண்ணைப் போட்டுப் பாருங்கள்: 100 உறுப்பினர், 51 மாணவர், மாலை ஆட்கள் 51. மாணவரல்லாத 49 பேரும் மாலையில் வந்துவிட்டால், மாணவர்களில் 2 பேர் வந்தாலே கணக்கு முடிந்தது. ஆக, 'சில மாணவர்களாவது மாலையில் மட்டும் வருகிறார்கள்' என்பதுதான் நிற்கும். சப்பென்று இருக்கும், சரியான விடை பெரும்பாலும் அப்படித்தான்.

அப்புறம், வாதத்தை வலுப்படுத்தும் கேள்விக்கு இந்தச் சோதனை செல்லாது, அங்கே விடையைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, இந்தக் கேள்விகள் வரும், மதிப்பெண்ணில் சேரும் தர்க்கப் பகுதியை இரண்டாக்கிவிட்டார்கள், அதனால் முதலில் இதைப் பிடியுங்கள்.