எக்ஸ்ரே மெஷின் பக்கத்தில் வேலை. புற்றுநோய் வந்துவிடுமோ என்ற பயத்தை எப்படிச் சமாளிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன், படிப்பவர்களுக்கும் புரியும். எலும்பு முறிவு ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறீர்கள். ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் மெஷின் ஓடும்போதெல்லாம் அருகில் நிற்க வேண்டியிருக்கிறது. முடி கொட்டினாலும், தொண்டை கரகரத்தாலும் புற்றுநோயோ என்று மனம் பதறுகிறது. மாதம் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்கிறீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமோ என்ற கவலை வேறு. வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். இந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கும் இருந்தது, எனக்குப் பின்னால் வந்த பலரிடமும் பார்த்திருக்கிறேன். வேலையை விடும் முடிவை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள் என்பதே என் பதில். உங்கள் பயத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: அளந்து பார்க்கக்கூடிய ஆபத்து ஒன்று, அளந்து காட்டினாலும் அடங்காத பதற்றம் இன்னொன்று. இரண்டையும் பிரித்துக்கொண்டால்தான் வழி தெரியும்.

முதலில் அளக்க முடிந்ததைப் பார்ப்போம். கதிர்வீச்சு வேலையில் இருப்பவர்களுக்கு நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதர் சராசரியாக வாங்கிக்கொள்வதே ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். எக்ஸ்ரே பிரிவில் ஒழுங்காகப் பாதுகாப்போடு வேலை செய்பவர்களில் பெரும்பாலானோரின் பேட்ஜ், அதாவது உடம்பில் படும் கதிரை அளக்க அணியும் சிறு அட்டை, ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைக்கூடத் தொடாது. மணவாளக்குறிச்சி, கொல்லம் பக்கக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிர்வீசும் தாது இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சே பல மடங்கு அதிகம். கேரளாவின் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலும் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். பாதுகாப்புக் கணக்கு போடுபவர்கள், எவ்வளவு குறைந்த அளவானாலும் அதற்கேற்ற சிறு ஆபத்து உண்டு என்றே வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் 1 மில்லிசீவர்ட் வாங்கினால், வாழ்நாளில் அதனால் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 25,000 பேரில் ஒருவருக்கு. கதிர்வீச்சோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமலே இந்தியாவில் ஒன்பதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு புற்றுநோய் வரலாம் என்பது புற்றுநோய்ப் பதிவேட்டு மதிப்பீடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தத் தொழிலைப் பற்றிய பயம் சும்மா வந்ததல்ல. 1895-ல் ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு, முதல் தலைமுறை ஆட்கள் மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று தங்கள் கையையே நீட்டிச் சோதித்தார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் கைகளை இழந்து 1904-ல் இறந்தார். அப்படி உயிர்விட்டவர்களுக்காக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1936-ல் நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றுத்தந்த பாடம்தான் இன்று நீங்கள் மாட்டிக்கொள்ளும் லெட் ஏப்ரன், கதிரைத் தடுக்கும் ஈய அங்கி.

இப்போது உங்கள் முடிக்கு வருவோம். கதிர்வீச்சால் தற்காலிகமாக முடி கொட்டவே அந்த இடத்தில் சுமார் 3 கிரே பட வேண்டும் (எக்ஸ்ரேயில் 1 கிரே என்பது ஏறக்குறைய 1000 மில்லிசீவர்ட்). உங்கள் ஆண்டு வரம்பை விட நூறு மடங்குக்கும் மேல். ரத்த அணுக்கள் குறைந்து பரிசோதனையில் தெரிய வேண்டுமானால் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் சுமார் அரை கிரே. அதனால் மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை உங்கள் கேள்விக்கு விடை சொல்லவே சொல்லாது. நார்மல் என்று வந்தால் நிம்மதி இரண்டு நாள் தாங்கும். ஏதோ ஓர் எண் கொஞ்சம் ஏறியிருந்தால் புதுப் பயம். குழந்தைப்பேறு நிரந்தரமாகப் பாதிக்கப்பட வேண்டுமானாலும் ஆயிரக்கணக்கான மில்லிசீவர்ட் கணக்கில் பட வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள். அதிலிருந்து பிரசவம் வரை வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித்தர வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இன்னொன்று, பலரை வீணாக அரிக்கும் சந்தேகம். மெஷினை நிறுத்திய பிறகும் அறையில் கதிர் தங்கியிருக்குமா? தங்காது. டியூப்லைட்டை அணைத்த பிறகு வெளிச்சம் அறையில் மிச்சமிருக்கிறதா? அதே கதைதான். துணியில், நோயாளியின் உடம்பில், நீங்கள் துடைக்கும் மேஜையில் எதிலும் ஒட்டாது. வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவோமோ என்று குளித்துக் குளித்துத் தீர்க்க வேண்டியதில்லை.

தியேட்டரில் உங்களுக்கு வரும் கதிரில் பெரும்பகுதி நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் நோயாளி மேல் படுவதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உங்களிடம் வரும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் கால் பங்காகக் குறையும். டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்காத நேரத்தில் ஓரடி பின்வாங்குவதே பெரிய பாதுகாப்பு. கதிர் கிளம்பும் எக்ஸ்ரே டியூப் மேஜைக்குக் கீழே இருக்கட்டும். பக்கவாட்டில் திருப்பிப் படம் எடுக்கும்போது டியூப் இருக்கும் பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கம் நில்லுங்கள், டியூப் பக்கம்தான் சிதறல் அதிகம். கழுத்துக்குத் தைராய்டு காலர். ஏப்ரனை மடித்துப் போட்டால் உள்ளே விரிசல் விடும், தொங்கவிடச் சொல்லுங்கள். ஏப்ரன் முன்பக்கம் மட்டும் மூடுவதாக இருந்தால் மெஷினுக்கு முதுகு காட்டாதீர்கள்.

பேட்ஜ் விஷயம் இதையெல்லாம் விட முக்கியம். நெஞ்சுப் பகுதியில், ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்க அனுப்புவார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் பேட்ஜ்களை பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள், யாராவது சோதனைக்கு வந்தால் காட்டுவதற்கு. எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வரும். அளவே எடுக்காத இடத்தில் ஊழியர் பயப்படுவதை மனநோய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உங்களுக்கு பேட்ஜ் இல்லையென்றால் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம், ஆர்.எஸ்.ஓ. என்பார்கள், எழுத்தில் கேளுங்கள். கேட்டும் கிடைக்கவில்லை, ஏப்ரனும் இல்லை என்றால் அப்போது வேறு வேலை தேடுவது நியாயமான முடிவு.

இவ்வளவும் சரியாக இருந்து, பேட்ஜில் அளவு மிகக் குறைவாக வந்தும் பயம் போகவில்லை என்றால், அது இரண்டாவது விஷயம். அங்கே தகவல் கைகொடுக்காது. மனம் கேட்பது நூற்றுக்கு நூறு உறுதி, அதை எந்த டாக்டராலும் தர முடியாது. ஒவ்வொரு முறை இணையத்தில் நோய் அறிகுறிகளைத் தேடும்போதும், தோழியிடம் "ஒன்றும் இருக்காதுல்ல?" என்று கேட்கும்போதும் பயம் கொஞ்சம் இறங்கும், பிறகு முன்னைவிட வேகமாக ஏறும். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று நாளெல்லாம் அழுத்திப் பார்த்தால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும், அந்த வலியே அடுத்த சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிடும்.

அதனால் தேடுவதையும் தொட்டுப் பார்ப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்த முயன்றால் தாங்காது. தேட வேண்டும் என்று கை பரபரக்கும்போது அரை மணி நேரம் தள்ளிப் போடுங்கள், மறுவாரம் ஒரு மணி நேரம். கவலைப்படுவதற்கென்றே சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கி, அப்போது மட்டும் நோட்டில் எழுதுங்கள். வழக்கமான வருடாந்தரப் பரிசோதனை போதும், மாதாமாத ரத்தப் பரிசோதனை வேண்டாம். வீட்டில் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்: நான் கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்று ஆறுதல் சொல்லாதே, பேச்சை மாற்று என்று.

தூக்கம் கெட்டு, டூட்டிக்குப் போகவே கால் நகராத நிலை வந்திருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்த வகைப் பயத்துக்கு நன்றாகப் பலன் தருகிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். எத்தனையோ பேருடைய பயத்தைத் தெளியவைத்து ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறவர் நீங்கள், உங்களுக்கும் அப்படி ஒருவர் துணை வேண்டும்.

பேட்ஜ் ரிப்போர்ட் கைக்கு வந்து அதில் இருக்கும் எண் புரியவில்லை என்றால், பெயரையும் மருத்துவமனையையும் மறைத்துவிட்டு எண்ணை மட்டும் இங்கே கீழே எழுதுங்கள். அது மூன்று மாத அளவா, ஆண்டுக் கூட்டுத்தொகையா என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.