போக்கர் சீட்டாட்டத்தில் கையில் பணம் தீர்ந்தால் தோற்றது மாதிரிதானா?

1966-ல் வந்த கௌபாய் காலத்து நகைச்சுவைப் படம் 'எ பிக் ஹேண்ட் ஃபார் தி லிட்டில் லேடி'. அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், நல்ல சீட்டு இருந்தும் பணம் போதவில்லை என்று ஒருவரை வெளியே தள்ள முடியுமா என்று. இப்போது கேசினோக்களில் முடியாது. அங்கே 'டேபிள் ஸ்டேக்ஸ்' முறைதான், அதாவது சீட்டு போடும்போது மேசைமேல் இருக்கும் பணம் மட்டுமே கணக்கு, நடுவில் பையிலிருந்து எடுத்துப் போட முடியாது. எதிராளி 500 டாலர் கட்டி உங்களிடம் 200 தான் இருந்தால் 'ஆல் இன்', அதாவது இருப்பதெல்லாம் கட்டுகிறேன் என்று சொல்லி ஆட்டத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம்; ஜெயித்தால் ஒவ்வொருவரிடமிருந்தும் அந்த 200 அளவுக்குத்தான் கிடைக்கும், அதற்கு மேல் கட்டுவதை மற்றவர்கள் தனிப் பந்தயமாக ஆடிக்கொள்வார்கள்.

படத்தில் நடப்பது முரட்டு ஆட்டம், காசு வை இல்லை எழுந்து போ. டெக்சஸின் லாரேடோ ஊரில், ஆட்டத்தில் பணம் தீர்ந்துபோன ஹென்றி ஃபோண்டா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும், மனைவியாக வரும் ஜோன் உட்வர்ட் ஆட்டமே தெரியாமல் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பேங்க்காரரிடம் போய் அதையே ஈடாகக் காட்டிக் கடன் கேட்பார் பாருங்கள், அந்த ஒரு காட்சிக்கே படம் பார்க்கலாம். பேங்க்காரர் பால் ஃபோர்ட், சரியான கஞ்சர். டேபிள் ஸ்டேக்ஸ் இருந்திருந்தால் அவரைத் தேடிப் போகவே வேண்டியதில்லை, கதையும் அங்கேயே படுத்திருக்கும். கடைசித் திருப்பத்தைச் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் திட்டுவார்கள்.