உண்மையா இருந்தா மனப்பாடம் பண்ண வைக்கலாமா?

வணக்கம் சார்,

நான் பிராக்டீஸ் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. அடுத்த மாசம் ஒரு ட்ரையல். சாட்சிக்கு கேள்வி பதிலா பத்து பக்கம் டைப் பண்ணி, வரி மாறாம மனப்பாடம் பண்ண வைன்னு சீனியர் சொல்றார். சாட்சி நேர்ல பாத்தவர்தான், சொல்லப் போறதும் உண்மைதான், அப்புறம் என்ன தப்புங்கறார். சாட்சியை தயார் பண்றதுக்கும் சொல்லிக் கொடுக்கறதுக்கும் கோடு எங்க சார் இருக்கு?

ஒரு ஜூனியர்

அன்புள்ள தம்பி,

பொய்யை சொல்லிக் கொடுக்கறது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். உண்மையை வரி வரியா சொல்லிக் கொடுத்தா அதுவும் பொய் மாதிரியே கேக்கும்ங்கறது கூண்டுல நிக்க வச்சு அடி வாங்கினாதான் தெரியும்.

1911 மார்ச்ல நியூயார்க்ல ட்ரையாங்கிள்ங்கற சட்டை தைக்கிற ஃபேக்டரி எரிஞ்சு 146 பேர் செத்தாங்க. ஒன்பதாவது மாடியில கதவு பூட்டியிருந்ததுன்னு முதலாளிங்க ரெண்டு பேர் மேல கேஸ். தப்பிச்சு வந்த கேட் ஆல்டர்மன்ங்கற பொண்ணு, நெருப்பு சிவப்புத் திரை மாதிரி இருந்துச்சு, ஒருத்தர் காட்டுப்பூனை மாதிரி தாவினார்னு சாட்சி சொன்னாங்க. எதிர் வக்கீல் மேக்ஸ் ஸ்டூயர் சத்தமே போடல, எங்கே இன்னொரு தடவை சொல்லுங்கன்னார், அதே திரை அதே பூனை, மறுபடி சொல்ல வச்சார், அப்பவும் அதேதான், நடுவுல ஒரு வார்த்தை விட்டுப்போனப்ப அதை விட்டுட்டீங்களேன்னு கேக்க அவங்க அந்த வார்த்தையையும் எடுத்துச் சேத்தாங்க. அவ்ளோதான், பாடம் ஒப்பிக்கற மாதிரி ஆயிடுச்சு. இத்தனைக்கும் அந்தத் தீயில நின்ன பொண்ணு அது. டிசம்பர்ல ரெண்டு முதலாளியும் விடுதலை. (இது மட்டுமே காரணம் இல்ல, கதவு பூட்டியிருந்தது முதலாளிங்களுக்கு தெரிஞ்சிருந்தாதான் குற்றம்னு ஜட்ஜ் ஜூரிகிட்ட சொன்னதும் ஒரு காரணம்.) ஸ்டூயர் பண்ணினதுல விதிப்படி தப்பே இல்ல, ஆனா எனக்கு இன்னிக்கும் அது மனசுக்கு ஒப்பல.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்குன்னு சும்மா சொல்லல. இங்கிலாந்துல சாட்சிக்கு பயிற்சி கொடுக்கவே கூடாதுன்னு 2005ல மொமொடூ கேஸ்ல அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு, கோர்ட் எப்படி நடக்கும்னு பழக்கி விடறது மட்டும் ஓகே. அமெரிக்காவுல ஒத்திகையே பாப்பாங்க, அங்கயும் பொய் சொல்ல வைக்கறது குற்றம்தான்.

கோடு எங்கன்னு கேட்டீங்கல்ல, யார் முதல்ல பேசறாங்கன்னு பாருங்க. கேஸுக்கு என்ன வேணும்னு நீங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடி அவர் முழுசா சொல்லி முடிக்கட்டும். அப்புறம் அவர் ஏற்கனவே கொடுத்த வாக்குமூலத்தை படிக்கச் சொல்லுங்க, முரண்பட்டா ஏன்னு கேளுங்க, ஆனா பதிலை நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. தெரியலன்னா தெரியலன்னே சொல்லலாம், ஊகிக்க வேண்டாம்னு தைரியம் கொடுங்க. இன்னொன்னு, வக்கீலைப் பாத்தியான்னு குறுக்கு விசாரணையில கேட்டா முக்கால்வாசி சாட்சி பயந்து போய் இல்லன்னுடுவாங்க, அந்த ஒரு பொய்யிலேயே மொத்த சாட்சியமும் போயிடும். பாத்தேன், நடந்ததைக் கேட்டார், சொன்னேன்னு சொன்னா ஒரு தப்பும் இல்ல.

சீனியர்கிட்ட நியாயம் பேசப் போகாதீங்க, எடுபடாது. சார் நீங்க சாட்சியா உக்காருங்க, நான் எதிர் தரப்பு வக்கீலா கேக்கறேன்னு அந்தப் பத்து பக்கத்தை வச்சே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அப்பவும் அந்தப் பேப்பரைக் கொடுன்னா, என் கையால கொடுக்க மாட்டேன்னு சொல்லிடுங்க, வக்காலத்துல உங்க கையெழுத்தும்தான் இருக்கு.