தொடை இடுக்கு அரிப்பு க்ரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஏன்?

கேட்டவர் சொல்வது: இரண்டு மாதமாகத் தொடை இடுக்கில் அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த க்ரீம் மூன்று நாளில் கேட்கிறது, விட்டால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது.

முதலில் அந்த ட்யூபில் என்னென்ன மருந்து இருக்கிறது என்று படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என ஏதாவது ஒரு பெயர் பொடி எழுத்தில் இருந்தால், அரிப்பு திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இவை ஸ்டீராய்டுகள். நான் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, அப்புறம் குரலைத் தாழ்த்தி "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேட்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். எங்கே அரிப்பு என்று அவர்களாகச் சொல்வதில்லை. பல கடைகளில் யாரும் கேட்பதுமில்லை. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ஒரு ட்யூப் கைமாறிவிடும்.

ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து, வளையமாகப் பரவினால் அது பெரும்பாலும் படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. பூஞ்சையோடு உடம்பு போராடுவதால்தான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. அரிப்பு நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம், பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. அந்தப் பகுதித் தோல் வேறு மெல்லியது. முன்கைத் தோலைவிட விதைப்பைத் தோல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 42 மடங்கு அதிகம் உறிஞ்சுவதை 1967-ல் வெளியான ஆய்வு காட்டியது. மாதக்கணக்கில் தடவினால் தொடையில் கோடு கோடாகத் தழும்பு விழும், அது முழுதாக மறையாது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று ஆக்கியது. இன்றும் கேட்டால் கொடுக்கிறார்கள். என் தொழில்காரர்கள் மேல் இதில் எனக்குக் கோபமே உண்டு.

சரி, என்ன செய்வது? தோல் மருத்துவரிடம் போங்கள், எந்த க்ரீமை எவ்வளவு நாள் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். லேசாகத் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு கலக்காத லூலிகோனசோல், டெர்பினாஃபின் போன்ற பூஞ்சை மருந்துகளைத் தருவார். படைக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலம் தள்ளிப் பூச வேண்டும், பார்வைக்குச் சரியான பிறகும் அவர் சொன்ன நாள்வரை விடக்கூடாது. இந்தியாவில் இப்போது பரவும் பூஞ்சை வகை சாதாரண மருந்துக்கு எளிதில் மசிவதில்லை, அதனால் இட்ராகோனசோல் மாத்திரை வாரக்கணக்கில் தேவைப்படலாம். அந்த கேப்சூலைச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். அசிடிட்டி மருந்து ஏதாவது எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதனால் இட்ராகோனசோல் உடம்பில் சரியாகச் சேராமல் போகும்.

கால் விரல் இடுக்கைப் பாருங்கள். அங்கே சேற்றுப்புண் இருந்தால், ஜட்டி போடும்போது பாதம் உரசி அதே பூஞ்சை மேலே ஏறும். இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் செய்யுங்கள், சாக்ஸை முதலில் போட்டுவிட்டு ஜட்டி போடுங்கள். துண்டைப் பகிராதீர்கள். வீட்டில் வேறு யாருக்காவது படை இருந்தால் அவர்களுக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும்.

எல்லா அரிப்பும் படர்தாமரை கிடையாது. தொடையை விட்டு விதைப்பை மட்டும் எரிந்தால் சோப்போ, குளிக்கும் தண்ணீரில் ஊற்றும் டெட்டாலோ காரணமாக இருக்கலாம்; முதலில் அவற்றை நிறுத்துங்கள். முன்தோல் சிவந்து வெடித்து, உள்ளே தயிர்போல் வெள்ளையாகப் படிந்தால் சர்க்கரை பரிசோதனை அவசியம். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரும், அந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால். இரவில் அரிப்பு அதிகமாகி, வீட்டிலுள்ளவர்களும் சொரிந்தால் சிரங்கு. ஏதோ ஒரு மாத்திரை போடும்போதெல்லாம் ஆணுறுப்பின் மொட்டில் அதே இடத்தில் கருஞ்சிவப்பாகத் தடித்தால் அது மருந்து அலர்ஜி.

புண், சீழ், ஆறாத தடிப்பு என்றால் எந்த க்ரீமும் தடவாமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோல் நோயும் பால்வினை நோயும் ஒரே பிரிவாக இருப்பது வழக்கம். பெயர்ப்பலகையைப் பார்த்துத் தயங்கித் திரும்பிவிடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் உங்களைப் போலவே படைக்கும் அரிப்புக்கும் வந்தவர்கள்தான்.