வண்டிக்குள் தண்ணீர் வருகிறதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

காருக்குள் தண்ணீர் கசிகிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக வண்டிகளின் உட்புறத்தைப் பிரித்துக் கசிவு தேடும் வேலைதான் பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரம் இருக்கும் இடத்தைப் பார்த்து ஓட்டை எங்கே என்று முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் மேலே ஒரு மூலையில் நுழைந்து, தகர மடிப்பிலோ வயர் கட்டின் மேலோ ஓடி, இரண்டு மூன்று அடி தள்ளித்தான் சொட்டும். அதனால் எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது நனைகிறது?

கேள்வி: மழையே பெய்யவில்லை அண்ணா. ஆனாலும் முன்பக்கம், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவர் கால் வைக்கும் இடம் சொதசொதவென்று இருக்கிறது. காயவைத்தாலும் இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது.

பதில்: ஏசி தண்ணீராக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏசியின் குளிர்ச்சுருள் மேல், காற்றில் உள்ள ஈரம் படிந்து தண்ணீராகும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய சொம்புக்கு வெளியே வியர்க்கிறதே, அதே கதைதான். புழுக்கமான நாளில் நீண்ட தூரம் ஓட்டினால் லிட்டர் கணக்கில்கூடச் சேரும். அது ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். அந்தக் குழாயில் தூசியும் சருகும் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் தட்டு நிரம்பி கார்ப்பெட்டில் வழியும். வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். புழுக்கமான நாளில், திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, இருபது நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். தரை காய்ந்து கிடந்தால் குழாய் அடைத்திருக்கிறது. கீழே இருந்து மெல்லிய நைலான் நரம்பை நுழைத்து மெதுவாக அசைத்தாலே பெரும்பாலும் திறந்துகொள்ளும். சில வண்டிகளில் குழாயின் முனை வாத்தின் அலகு போலத் தட்டையாக இருக்கும். அதில் சேறு ஒட்டியிருந்தால் விரலால் பிசைந்துவிட்டால் போதும். கம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் அடிக்காதீர்கள். உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டிவரும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவும் கூடாது.

கேள்வி: எனக்கும் அதே இடம்தான். ஆனால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கிறது. முன் கண்ணாடியின் உள்பக்கம் எவ்வளவு துடைத்தாலும் ஒரு மங்கல் போகமாட்டேன் என்கிறது.

பதில்: அது தண்ணீர் இல்லை, இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் திரவம். இனிப்பான ஒரு வாசனையும் வருமே? சூடான கூலன்ட் ஓடி உள்ளே வெப்பக்காற்று தரும் ஹீட்டர் கோர் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அதுவோ அதன் குழாயோ கசிகிறது. வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள், நிறம் தெரியும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் வீட்டுப் பிராணிகளும் நக்கிவிடும் ஆபத்தும் உண்டு. இதைத் தள்ளிப்போடாமல் சரிசெய்யுங்கள். கூலன்ட் குறைந்துகொண்டே போனால் இன்ஜினும் சூடேறிப் பாழாகும்.

கேள்வி: ஓட்டுநர் பக்கம், பெடலுக்குக் கீழே மட்டும் எண்ணெய் மாதிரி ஈரம்.

பதில்: வண்டியை நிறுத்திவிடுங்கள். பெடல் தண்டு டேஷ்போர்டுக்குள் நுழையும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பிரேக் அல்லது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவையும் பாருங்கள். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம்.

கேள்வி: சன்ரூஃப் உள்ள வண்டி. மழை பெய்தால் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூண் ஓரமாக வழிகிறது. சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பரை மாற்றிவிட்டேன், சிலிக்கானும் பூசிவிட்டேன். நிற்கவில்லை.

பதில்: அந்த ரப்பர் தண்ணீரை முழுவதுமாகத் தடுப்பதற்காக வைத்ததே இல்லை. கொஞ்சம் உள்ளே போகும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு வாய்க்கால் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதன் நான்கு மூலையிலிருந்தும் நான்கு குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி, கதவுக் கீல் பக்கமோ சக்கரத்தின் பக்கமோ வெளியே போய்ச் சேரும். அவற்றில் ஒன்று அடைத்திருக்கும், அல்லது இணைப்பில் கழன்றிருக்கும்.

சன்ரூஃபைத் திறந்து, ஒரு மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அதே பக்கத்தில், வண்டிக்கு வெளியே வடிய வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு. தண்ணீர் கடகடவென்று போகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் குழாய் உள்ளே கழன்று கிடக்கிறது, தண்ணீர் தூணுக்குள் கொட்டுகிறது. அடைப்புக்குப் புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு மிகப் பொருத்தம். முனையைத் தீயில் லேசாகக் காட்டி மழுங்கவைத்து விடுங்கள், குழாய் கிழியாது. இங்கேயும் காற்றடிக்க வேண்டாம். நன்றாக இருந்த குழாயைக் காற்றடித்துக் கழற்றிவிட்டு வரும் வண்டிகளை அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் பூசிய சிலிக்கானையும் எடுத்துவிடுங்கள். வாய்க்காலுக்கோ குழாய் வாய்க்கோ குறுக்கே அது போயிருந்தால், அதுவே இப்போது அணையாக நிற்கும்.

கேள்வி: கதவில் ஸ்பீக்கர் மாற்றினேன். அதிலிருந்து மழை பெய்தால் கதவோரம் கார்ப்பெட் நனைகிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் புதிதாகத்தான் இருக்கிறது.

பதில்: சம்பந்தம் இருக்கிறது. கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடியில் வழியும் மழை கதவின் கூட்டுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். அந்தத் தண்ணீர் உள்பக்கம் தெறிக்காமல் இருக்க, கதவின் உள்பக்க மூடியான டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளோ ஃபோம் தாளோ ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாற்றும்போதும், பவர் விண்டோ வேலை பார்க்கும்போதும் அதைக் கிழித்துவிடுவார்கள், அல்லது பாதி மட்டும் ஒட்டிவிடுவார்கள். டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். கிழிசல் இருந்தால் தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை வைத்துச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். தாளின் கீழ் ஓரம் தண்ணீரைக் கதவுக்குள்ளேயே விழவைக்கும்படி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சாதாரண செலோடேப் சூட்டில் உரிந்துவிடும். கதவின் அடித்துளைகளையும் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். கதவை ஆட்டும்போது சளக் சளக் என்று கேட்டால் அவை அடைத்திருக்கின்றன. விட்டால் கதவின் அடித்தகரம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கேள்வி: வீட்டிலேயே கசிவைத் தேட முடியுமா? எப்படி ஆரம்பிப்பது?

பதில்: முடியும். ஆனால் பொறுமை வேண்டும், கூட ஒருவர் வேண்டும். முதலில் உட்புறத்தை நன்றாகக் காயவையுங்கள். ஈரத்தோடு ஆரம்பித்தால் புதுத் தண்ணீர் எது, பழையது எது என்று தெரியாது. மேட், கார்ப்பெட் ஓரம், கதவடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை எல்லாவற்றையும் எடுத்து, முடிந்தவரை தகரம் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவலாம், அல்லது செய்தித்தாளை ஒட்டிவைக்கலாம். பவுடரில் தண்ணீர் ஓடிய கோடு அப்படியே பதியும்.

அப்புறம் ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸ் குழாயோடு வெளியே. குழாயின் முனையில் எதையும் மாட்டாதீர்கள். தண்ணீர் மெல்ல வழிந்தால் போதும், மழையும் அப்படித்தான் வழிகிறது. பிரஷர் வாஷரை அடித்தால் நல்ல ரப்பருக்குள்ளும் தண்ணீர் புகுந்து, இல்லாத கசிவைக் காட்டும். எப்போதும் கீழிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடி ஓரம், பிறகு முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்கவாட்டு விளிம்பு, கடைசியில் கூரை. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஓட்டை என்றே புரியாது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். அவசரப்பட்டால் தண்ணீர் உள்ளே வந்து சேருவதற்குள் நீங்கள் அடுத்த இடத்துக்குப் போயிருப்பீர்கள், பழி அந்த இடத்தின் மேல் விழும்.

வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியை மறக்காதீர்கள். மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் அந்தக் குழிக்குள் சருகு மக்கி மண்ணாகவே ஆகியிருக்கும். வடிகால் அடைத்து, தண்ணீர் ஏசி காற்று எடுக்கும் வாயின் உயரம்வரை ஏறினால் நேராக உள்ளே வந்துவிடும். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள், நனைந்து காய்ந்த கறை இருந்தால் வழி அதுதான்.

கதவு பீடிங்கைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி, மெல்ல இழுங்கள். பிடிப்போடு வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் அமுங்கியிருக்கிறது, அல்லது கதவு சரியாக உட்காரவில்லை.

கேள்வி: முன் கண்ணாடி உடைந்து புதிது போட்டேன். இப்போது டேஷ்போர்டு ஓரத்தில் சொட்டுகிறது.

பதில்: கண்ணாடியை ஒட்டும் யூரித்தேன் பசையில் எங்கோ இடைவெளி விட்டிருக்கிறார்கள், அல்லது பழைய பசையைச் சுரண்டும்போது பெயின்ட்டைக் கீறி அங்கே பசை பிடிக்காமல் போயிருக்கும். கண்ணாடி விளிம்பின் வெளிப்பக்கம் சோப்பு நுரையைத் தடவுங்கள். ஏசி ஃபேனை அதிக வேகத்தில், வெளிக்காற்று எடுக்கும்படி வைத்து, ஜன்னல்களை மூடிவிடுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். கிடைத்ததும் அங்கே குறி வைத்து, போட்டவரிடமே காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். மேலே சிலிக்கான் பூசி அனுப்ப ஒத்துக்கொள்ளாதீர்கள். விபத்தில் அந்தக் கண்ணாடி தன் இடத்தில் நிற்பது அந்தப் பசையை நம்பித்தான். பல வண்டிகளில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் சாய்ந்துதான் விரியும்.

கேள்வி: டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் தண்ணீர் நிற்கிறது.

பதில்: அந்தக் குழிதான் பின்பக்கத்திலேயே தாழ்வான இடம், எங்கே கசிந்தாலும் அங்கேதான் வந்து சேரும். டெயில் லைட்டைச் சுற்றியுள்ள ஃபோமை முதலில் பாருங்கள். அடுத்து பின் பம்பருக்குப் பின்னால், டிக்கியின் பக்கச் சுவரில் இருக்கும் காற்றுப் போக்கிகள். கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காக வைத்தவை அவை. ஓர ரப்பர் கழன்றிருந்தால் சக்கரம் தெறிக்கும் தண்ணீர் உள்ளே வரும். கூரை ஆன்டெனாவின் அடி ரப்பர், மேல் பிரேக் லைட், கேரியர் மாட்டும் துளைகள், கூரைத் தகரம் சேரும் மடிப்பு எல்லாம் பிறகு. பின்பக்கமாக ஒரு முறை இடிபட்ட வண்டி என்றால் மடிப்பில் பூசிய சீலன்ட் விரிசல் விட்டிருக்கும். டிக்கிக்குள் ஒருவர் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்றால், பின் இருக்கையை மடித்துவிட்டு வெளியேற வழி வைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: சமதளத்தில் நிறுத்தினால் ஒன்றுமில்லை. சரிவில் நிறுத்தினால் மட்டும் நனைகிறது. ஏன்?

பதில்: வடிகால் பாதி அடைத்திருந்தால் அப்படி ஆகும். வண்டி சாயும்போது தண்ணீர் வடிகால் இல்லாத மூலையில் சேர்ந்து விளிம்பைத் தாண்டுகிறது. தண்ணீர்ச் சோதனையையும் அதே சரிவில், அதே திசையில் நிறுத்திச் செய்யுங்கள். இதே போல, ஓடும்போது மட்டும் நனைந்தால் கீழிருந்து தெறிப்பதைத் தேடுங்கள்: தரையில் உள்ள ரப்பர் மூடிகள், இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் இடையே உள்ள ஃபயர்வால் தகரத்தில் வயர் நுழையும் துளைகளின் ரப்பர் வளையங்களான கிரொமெட்டுகள். புதிதாக விளக்கோ ஹாரனோ மாட்டியவர்கள் கிரொமெட்டைக் குத்தி வயர் விட்டிருந்தால் அந்த வயர் வழியாகவே தண்ணீர் நடந்து வரும். நுழையும் இடத்துக்கு முன் வயரைக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். துளையையும் சரியாக மூடுங்கள்.

கேள்வி: கசிவைச் சரிசெய்து ஒரு மாதம் ஆகிறது. கார்ப்பெட் மேலே காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் பூஞ்சை வாடை போகவில்லை, காலையில் கண்ணாடி உள்பக்கம் பனி பிடிக்கிறது.

பதில்: கார்ப்பெட்டுக்குக் கீழே தடித்த ஃபோம் இருக்கும், அது ஸ்பாஞ்ச் மாதிரி. மேலே காய்ந்து மாதக்கணக்கானாலும் அதற்குள் தண்ணீர் இருக்கும். கையைக் கீழே விட்டு அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் இருக்கையைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கித்தான் ஆக வேண்டும். வேறு வழி கிடையாது, வாசனைத் திரவியம் அடிப்பது வீண். தண்ணீர் உறிஞ்சும் வாக்குவம் போட்டு எடுத்துவிட்டு, கார்ப்பெட்டுக்கும் தரைக்கும் இடையே கட்டை வைத்துத் தூக்கி, நாள் முழுக்க ஃபேன் காற்று போகும்படி விடுங்கள். முழுசாகக் காய சில நாள் ஆகும்.

இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். எலக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் தொடவே வேண்டாம், பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கும்போதே தரையில் போகும் வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காரணம் தெரியாமல் எரியும் பல எச்சரிக்கை விளக்குகளுக்கு அங்கேதான் விடை கிடைக்கும்.

கேள்வி: எல்லாம் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன், கூரை மடிப்பில் ஒரு மயிரிழை விரிசல். இப்போதாவது சிலிக்கான் போடலாமா?

பதில்: வினிகர் வாடை வரும் சாதாரண சிலிக்கான் வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அமிலம் தகரத்தை அரிக்கும், மேலே பெயின்ட்டும் பிடிக்காது. வண்டித் தகர மடிப்புக்கென்று தனியாக சீம் சீலர் இருக்கிறது. விரிசல் விட்ட பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு பூசுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் காயவிட்டு, கார்ப்பெட்டைத் திரும்பப் போடுவதற்கு முன்னால் அதே இடத்தில் இன்னொரு முறை ஹோஸ் பிடித்துப் பாருங்கள்.