வெளிநாடு போனவர்கள், ஊர் திரும்பியவர்கள்: கேள்வி பதில்

இரண்டு நாடுகளில் 14 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். போகிறவர்களும் வந்தவர்களும் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, வெளிநாடு வந்து மூன்று மாதம் ஆகிறது. முதலில் எல்லாமே பிடித்திருந்தது. இப்போது கடைக்குப் போய் வந்தாலே களைப்பாக இருக்கிறது, எரிச்சல் வருகிறது. எனக்கு ஏதாவது கோளாறா?

கோளாறே இல்லை தம்பி. கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர் 1950களிலேயே இதைக் கலாச்சார அதிர்ச்சி என்று விளக்கினார். எப்போது கைகுலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, யார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது என்று தினமும் நமக்கு வழிகாட்டும் சின்னச் சின்னக் குறிப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போவதுதான் காரணம் என்றார். ஊரில் யோசிக்காமல் செய்ததை எல்லாம் அங்கே யோசித்து யோசித்துச் செய்கிறீர்கள். களைப்பு அதனால்தான். தொடக்கத்தில் வரும் அந்த மயக்கம் சில நாளும் இருக்கலாம், ஆறு மாதமும் இருக்கலாம் என்று அவரே குறித்திருக்கிறார்.

நன்றாகத் தூங்குங்கள். பெரிய முடிவு எதையும் இப்போது எடுக்காதீர்கள். "இது ஏன் இப்படி?" என்று கூச்சப்படாமல் கேட்க அந்த ஊர்க்காரர் ஒருவரையாவது பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

பேசும்போது நான் கிட்டே போனால் எதிரில் இருப்பவர் பின்னால் நகர்கிறார். என்னைப் பிடிக்கவில்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் இந்த இடைவெளியை அளந்தே பார்த்தார். அவர் கவனித்த அமெரிக்கர்கள், தெரிந்தவரிடம் பேசும்போது சுமார் 45 செ.மீ. முதல் 1.2 மீட்டர் வரை தள்ளி நின்றார்கள். வேறு இடத்தில் இந்த அளவு மாறும். நகர்பவரை நீங்கள் 'ஒட்டாதவர்' என்று நினைப்பீர்கள், அவர் உங்களை 'மேலே வந்து விழுகிறவர்' என்று நினைப்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அடுத்த முறை நீங்கள் ஒரு இடத்தில் நின்றுவிடுங்கள், இடைவெளியை அவர் முடிவு செய்யட்டும்.

"கட்டாயம் ஒரு நாள் சந்திப்போம்" என்கிறார்கள். அப்புறம் கூப்பிடுவதே இல்லையே?

நாளும் நேரமும் சொன்னால் அது அழைப்பு. சொல்லாவிட்டால் பெரும்பாலும் அன்பாக விடைபெறும் சொல், அவ்வளவுதான். சந்திக்க ஆசை இருந்தால் தேதியை நீங்களே சொல்லிப் பாருங்கள்.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சின்ன விஷயங்கள்?

04/05 என்று எழுதினால் எது நாள், எது மாதம்? முதல் மாடி என்றால் தரைத்தளமா, அதற்கு மேலா? சாலையைக் கடக்கும்போது முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது? கடைசிக் கேள்வியில் உயிரே இருக்கிறது, பல நாள் போனாலும் பழைய பக்கமே தலை திரும்பும்.

மேடம், ஒன்பது வருடம் கழித்துத் திரும்பிவிட்டோம். சொந்த ஊரே அந்நியமாக இருக்கிறது. சொன்னால் திமிர் என்கிறார்கள்.

போவதைவிட வருவதுதான் கடினம் என்பது என் அனுபவம். 1963-லேயே கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதியர் இதை எழுதிவிட்டார்கள். போன இடத்தில் மனம் இறங்கி ஏறுவதுபோல், திரும்பிய பிறகும் இன்னொரு முறை இறங்கி ஏறும் என்றார்கள். அங்கே தவறு செய்தால் 'வெளியூர்க்காரர், தெரியாது' என்று பொறுத்துக்கொண்டார்கள். இங்கே அந்தச் சலுகை கிடையாது, முகமும் பேச்சும் உள்ளூர்தானே.

வந்த புதிதில் தங்கை வீட்டுக்குப் போகும் முன் "இன்னைக்கு வரலாமா?" என்று போன் செய்தேன். "ஏன்க்கா, நாங்க வேத்தாளா?" என்று கேட்டாள். மரியாதை என்று நினைத்துச் செய்தது அவளுக்கு விலகலாகத் தெரிந்தது. அன்று ரொம்ப அழுதேன்.

"அங்கே எல்லாம்..." என்று தொடங்கும் பேச்சை மட்டும் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள். நீங்கள் சொல்வது தகவல்தான், கேட்பவருக்கோ அது குறையாகவே விழுகிறது. மனதில் இருப்பதைத் திரும்பி வந்த இன்னொருவரிடம் கொட்டுங்கள். நீங்கள் இல்லாத ஒன்பது வருடத்தில் இவர்களுக்கு என்ன நடந்தது என்றும் கேளுங்கள். அதை நான் தாமதமாகத்தான் கேட்டேன், தங்கையின் கதையில் பாதி எனக்குத் தெரியாமலே இருந்தது.

"உன் ஊர் எது?" என்றால், வெளிநாட்டில் பிறந்து எங்களோடு திரும்பி வந்த என் மகன் விழிக்கிறான். எது என்று சொல்லிக் கொடுப்பது?

ஒன்றைத் திணிக்காதீர்கள். இப்படி வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் கலாச்சாரக் குழந்தைகள்' என்று பெயரிட்டுக் கவனித்தவர் சமூகவியலாளர் ரூத் யூசீம். பெற்றோரின் ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே அவர்களுக்கென்று மூன்றாவது ஒன்று. "அங்கே பிறந்தேன், இங்கே இருக்கிறேன்" என்று இரண்டையும் சொல்லட்டும். அங்கே விட்டுவந்த நண்பனோடு வாரம் ஒரு முறையாவது பேச வையுங்கள்.