பெருவை 12 நாளில் சுற்றிப் பார்த்துவிட முடியுமா?

கேள்வி: லிமா, டிடிகாகா ஏரி, குஸ்கோ, மச்சு பிச்சு, அமேசான் காடு எல்லாவற்றையும் 12 நாளில் பார்க்க ஆசை. வரைபடத்தில் பக்கம் பக்கமாகத்தானே இருக்கின்றன, எந்த வரிசையில் போகலாம்?

"பக்கம் பக்கமாகத்தானே" என்பதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். 2019 ஜூலையில் என் மனைவியிடம் நான் சொன்னதும் இதே வார்த்தைதான்.

நீங்கள் சென்னையில் இருந்து, ஆபீஸ் லீவோடு இரண்டு சனி ஞாயிறைச் சேர்த்துக் கிளம்புகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். போக வர மட்டுமே நாலு நாள் போய்விடும். மிச்சம் எட்டு நாள். எட்டு நாளில் ஏரி அல்லது காடு, ஏதாவது ஒன்றுதான். இரண்டும் வேண்டும் என்றால் லீவை நீட்டுங்கள்.

இப்போது என் கதை. எக்செல்லில் மணி மணியாகத் திட்டம் போட்டவன் நான். தூரம், பஸ் நேரம், அறை வாடகை, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. உயரத்துக்கு மட்டும் கட்டம் இல்லை.

லிமாவிலேயே முதல் அடி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சென்னை இருக்கிற தூரத்தில்தான் தெற்கே லிமா இருக்கிறது, அதனால் வெயில் கொளுத்தும் என்று கணக்குப் போட்டு மெல்லிய பருத்திச் சட்டையோடு இறங்கினேன். கரையை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் என் கணக்கில் வரவில்லை. ஜூலையில் ஊரே சாம்பல் நிற மேகத்துக்குள் கிடந்தது. இரண்டு நாளும் சூரியனைப் பார்க்கவில்லை. அதே மாதத்தில் மலைமேல் வானம் துடைத்து வைத்தாற்போல் நீலமாக இருக்கும், இரவில் உறையும் குளிர். ஜனவரி, பிப்ரவரியில் போனால் இது அப்படியே தலைகீழ்: கடற்கரையில் வெயில், மலையில் அடைமழை. மச்சு பிச்சுவுக்கு மலைவழியே நடந்து போகும் இன்கா நடைபாதையையே பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். ஆகவே "எந்த மாதம் நல்லது" என்று பெரு முழுவதற்கும் சேர்த்துக் கேட்காதீர்கள்.

லிமாவில் இருந்து நேராக ஹுலியாக்காவுக்கு விமானம், அங்கிருந்து ஏரிக்கரையில் இருக்கும் புனோ. விமானம் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் கடலோரத்தில் இருந்து 3,800 மீட்டருக்குப் போய்விட்டேன். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். புனோவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது.

இறங்கியதும் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியை நானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், பெருமையாக. இரவு பத்து மணிக்குத் தலையில் உலக்கை விழுந்தது. வாந்தி. படுத்தால் நெஞ்சு படபடப்பு, எழுந்தால் தலைசுற்றல். விடுதிக்கார அம்மா ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தார். முன்யா என்ற மலைப் புதினாவில் டீ போட்டுக் கொடுத்து, "தெஸ்பாசியோ, தெஸ்பாசியோ" என்றார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். மறுநாள் முழுக்க ஏரியை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மனைவி தனியாகப் போய், டோட்டோரா நாணலை அடுக்கிக் கட்டிய ஊரோஸ் மிதக்கும் தீவுகளைப் பார்த்துவிட்டு வந்து, "ஏங்க, மெத்தை மேல நடக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள். வாரத்தில் ஐந்து நாள் ஜிம்முக்குப் போகிறவன் நான். அவள் போகாதவள். மலைக்கு அதெல்லாம் கணக்கில்லை.

"எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று எழுத வருகிறவர்களுக்கு: நல்லது, உங்கள் உடம்பு அப்படி. நான் டாக்டர் இல்லை. அசிட்டசோலமைடு மாத்திரை உதவும் என்பார்கள், ஆனால் சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருப்பவர்களுக்கு அது ஆகாமல் போகலாம், டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கோகா இலை டீ அங்கே எல்லா விடுதியிலும் கிடைக்கும், குடிக்கலாம். ஞாபகத்துக்கு என்று ஒரு பாக்கெட்கூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள், சட்டச் சிக்கல்.

இன்று போனால் நான் பிடிக்கும் வரிசை இது. லிமாவில் இருந்து விமானத்தில் குஸ்கோ (3,400 மீட்டர்), ஆனால் அங்கே தங்காமல் அன்றே காரில் கீழே ஒயாந்தாய்தாம்போவுக்கு (சுமார் 2,800). இரண்டு இரவு அங்கே. பிறகு ரயிலில் மச்சு பிச்சு. அது குஸ்கோவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வு, படத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். அதன்பின் குஸ்கோ, கடைசியில்தான் ஏரி. ஏரிக்குப் பதில் காடு என்றால், குஸ்கோவில் இருந்து புவேர்ட்டோ மால்டோனாடோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இக்கிடோஸ் இன்னும் அழகு என்பார்கள், ஆனால் அங்கே போகச் சாலையே கிடையாது. படகு இல்லையென்றால் விமானம். எட்டு நாள்காரருக்கு அது ஒத்துவராது. மச்சு பிச்சு டிக்கெட் சுற்றுப்பாதை வாரியாக, நேரம் குறித்து விற்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முன்கூட்டியே தீர்ந்துவிடும், அதை வாங்கிவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

இந்தச் சிலிண்டர் கதையை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் என் மச்சினன் நடித்துக் காட்டுகிறான். சிரிக்கட்டும். ஆனால் "ஒரு வாரத்துல தரேன் மாமா" என்று வாங்கிப்போன என் 60 லிட்டர் முதுகுப்பையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அது போய் இரண்டு வருஷம் ஆகிறது. சரி, அதை விடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டுவிடுங்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். டாலர் கொண்டுபோனால் கிழிசல் இல்லாத நோட்டாக இருக்கட்டும், ஓரம் லேசாகக் கிழிந்திருந்தாலும் வாங்கமாட்டார்கள். சைவம் என்றால் "சின் கார்னே" மட்டும் போதாது. அவர்கள் பேச்சில் கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டுக்கறிதான், கோழி அதில் சேர்த்தியில்லை என்று கோழியை வைத்துவிடுவார்கள். "சின் போயோ" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் சூப் கோழித் தண்ணீரில்தான் வந்தது. நாங்கள் இருவரும் மீதி நாட்களை சிஃபா என்ற சீனச் சாப்பாட்டுக் கடைகளில் முட்டை போட்ட சாவ்ஃபா சோற்றிலேயே ஓட்டினோம்.